நம்மாளு பட்டியல்

அக்டோபர் பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு 'திரைமகள்' ஆய்வுக் கப்பலில் இருந்தவர்கள்:

கேப்டன் குரியாக்கோஸ், அவருக்குக் கீழே மூன்று அதிகாரிகள்.
எஞ்சின் அறையில் ஐந்து பேர்.
தளவேலைக்கு மேஸ்திரியான போசன் மிக்கேல்ராயன், கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டும் சேதுராசு, கலாசிகள் நான்கு பேர்.
சமையற்கட்டில் இரண்டு பேர்.
தலைமை விஞ்ஞானி டாக்டர் உமையாள், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் மூன்று பேர்.
தண்ணீர் ஆய்வகத்தில் ஜெனோவா.
கிரிபாட்டி என்ற தீவு நாட்டு அரசாங்கம் அனுப்பிய பார்வையாளர் மரேவா.

ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் இருந்தது இருபத்திரண்டு பேர். மோப்பன் என்ற எந்திரத்துக்குள் இருந்த பெயர்ப் பட்டியலிலும் இருபத்திரண்டு பேர். ஆனால் அந்த இருபத்திரண்டு வேறு, இந்த இருபத்திரண்டு வேறு. அது யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்க வேண்டிய முதல் ஆள் ஜெனோவா.

மேசையில் குறைந்தது சேதுராசு. பசிபிக்கின் நடுவே, தபுவேரா என்ற பவளத்தீவுக்கு ஒன்பது மைல் தெற்கே, நாலு மணிக்கு அவன் வின்ச்சை நிறுத்தினான். கம்பிக்குக் கிரீஸ் போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்தளத்தில் நின்றுகொண்டான். கப்பல் அடுத்த இடத்துக்குக் கிளம்பியது. ஐந்தரைக்கு அவன் தட்டில் போட்ட சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

கப்பலைத் திருப்பி, வந்த தடத்திலேயே ஓட்டினார்கள். இருட்டும்வரை தேடினார்கள். விடிந்ததும் மறுபடி தேடினார்கள். பழைய காலமாக இருந்தால் இப்படி ஒருவன் காணாமல் போனால் மூன்று நாள் சுற்றுவார்கள், மேல்தளத்தில் ஆளுக்கொரு பக்கம் தொலைநோக்கியோடு நிற்பார்கள். தண்ணீரை முகர்ந்தே அதில் எத்தனை பேர் என்று சொல்லிவிடும் மோப்பன் வந்தபிறகு அந்த வழக்கம் போய்விட்டது. கண்ணை நம்பி டீசலை எரிப்பானேன்?

மறுநாள் காலை பத்து மணிக்கு கேப்டன் எல்லோரையும் கப்பல் ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குக் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர். பத்து வருடம் தூத்துக்குடியில் இருந்ததில் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜெனோவா, மோப்பன் எந்தா சொல்லுது?"

"ஒண்ணு சார். தண்ணி எடுத்த பதினாலு இடத்திலயும் ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு மரேவா, அல்லே?"

"ஆமா சார்."

"அப்போ கடல்ல வேற ஆள் இல்ல."

"இல்ல சார்."

கேப்டன் பேனாவை மூடினார். முந்தாநாள் படகு தபுவேராவுக்குப் போனபோது சேதுராசுவும் போயிருந்தான். மீனவர்களோடு தென்னங்கள் குடித்தான், வாலிபால் ஆடினான். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில், "இங்கனயே ஒருநா குதிச்சு அந்தத் தீவுக்குப் போயிருவேன். கேப்டனையே வின்ச் ஓட்டச் சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். சேதுராசு ஊருக்குப் போகும் நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டவரும் அவர்தான். அவன் போட்டிருந்த மிதவைச் சட்டையும் கப்பலில் இல்லை. கேப்டனுக்குக் கணக்கு நேராகிவிட்டது.

"சார், அவன் நீந்துற ஆளே இல்ல," என்றார் போசன் மிக்கேல்ராயன். "குளத்துலயே முங்க மாட்டான். ஒம்பது மைல் போவானா?"

"மிதவைச் சட்டை உண்டு. தீவுப் படகு ஏதாவது ஏத்திப் போயிருக்கும். இல்லேன்னா மோப்பன் சொல்லியிருக்குமே? அது பொய் சொல்லுமோ?"

போசன் ஜெனோவாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பொய் சொல்லாது.

தன் விருப்பத்தில் கப்பலை விட்டு வெளியேறினார் என்று பதிவேட்டில் ஏறியது. ஃபிஜியிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த தேடுவிமானத்துக்கு வேண்டாம் என்று தகவல் போனது. கப்பல் கிழக்கே திரும்பிப் மணிக்குப் பத்து மைல் வேகம் பிடித்தது.

*

மோப்பனின் முறையான பெயர் ஒன்றரை வரி நீளம். ஒரு வாளித் தண்ணீரை உறிஞ்சும். அந்தப் பக்கம் போன உயிர்கள் உதிர்த்த தோல், செதில், எச்சில், எல்லாவற்றையும் படித்து, கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். எந்த மீன், எந்தத் திமிங்கிலம், எத்தனை. மனிதனும் ஓர் உயிர்தான் என்பதால் அவனையும் எண்ணும்.

அதில்தான் ஒரு சிக்கல். ஃபிஜியின் சுவா துறைமுகத்தில் எல்லோரும் ஏறிய அன்று ஜெனோவா பஞ்சுக்குச்சியோடு நின்று ஒவ்வொருவர் கன்னத்தின் உள்பக்கமும் வழித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க எச்சியெல்லாம் கேக்குறீக?" என்றான் சேதுராசு. ஏர்வாடிப் பக்கத்துக்காரன், முப்பது வயது, வாய் ஓயாது.

"நீ குளிக்க, துப்புத, கைய கழுவுத. எல்லாம் கடலுக்குத்தான போவுது? மோப்பன் அதையும் எண்ணுச்சுன்னா போற எடமெல்லாம் உன் மூஞ்சிதான் தெரியும். அதான் இன்னின்னாரு நம்மாளுன்னு முன்னாடியே சொல்லி வைக்கோம். உன் வாடை வந்தா கண்டுக்காம கழிச்சு விட்டுரும்."

"அப்ப வெளியாளுன்னா மதிக்கும், நம்மாளுன்னா கண்டுக்காது. எங்க மாமனாரு வீடுன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து அதற்கு நம்மாளு பட்டியல் என்றே பெயர். டாக்டர் உமையாள்கூட அப்படித்தான் சொன்னார்.

பட்டியலுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. அதில் ஏறியவரைப் பற்றி மோப்பனிடம் எந்தப் பதிவும் மிஞ்சாது. ஏற்கெனவே இருந்தாலும் பெயர் ஏறிய நொடியில் அழிந்துவிடும். விலக நினைப்பவர் தன் கட்டைவிரலை வைத்தால் போதும். இன்னொருவர் பெயரை எடுக்கவோ சேர்க்கவோ வேண்டுமென்றால் தலைமை விஞ்ஞானியின் விரலும் ஆய்வகக்காரியின் விரலும் சேர்ந்து வைக்க வேண்டும். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மரேவா போடவில்லை. "என் எச்சில் என்னோடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் கப்பல் போன இடமெல்லாம் மோப்பன் 'ஒன்று' என்று காட்டிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டது.

கப்பல் கிழக்கே திரும்பிய அன்று காலை பதினொன்று இருபதுக்கு மரேவா ஆய்வகத்துக்கு வந்தாள். நாற்பது வயது, பருத்த தோள்கள். தன் நாட்டுக் கடலில் வெளிநாட்டுக் கப்பல் என்ன செய்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கப்பலில் அவள் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு வார்த்தை.

"சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல."

மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தாள்.

"இது தபுவேரா கடற்கழியின் வாய். நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் எங்கள் சனம். குளிக்கிற பிள்ளைகள், சிப்பி பொறுக்குகிற பெண்கள். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அதைப் பிறகு பேசலாம். இந்தத் தாளில் ஒன்று என்று இருக்கிறதே, இது நான்தானே?"

"நீங்கதான்."

"சுவாவில் ஏறியதிலிருந்து நான் கடலில் ஒரு விரல் வைக்கவில்லை. என்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"குளிக்கிறீங்கள்ல? அந்தத் தண்ணி குழாய் வழியா வெளிய போகுது."

"மற்றவர்களும் அதே குழாயில்தான் குளிக்கிறார்கள். அவர்கள் எங்கே?"

"அவங்க பட்டியல்ல இருக்காங்க. மோப்பன் கழிச்சிரும்."

"வின்ச்காரன்?"

"அவனும் பட்டியல்லதான்…"

ஜெனோவா நிறுத்திவிட்டாள். பதினாலு இடத்தில் அவள் தண்ணீர் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் மோப்பன் சேதுராசுவை முகர்ந்திருக்கலாம். முகர்ந்து, நம்மாளு என்று கண்டுகொண்டு, ஒப்பந்தப்படி அழித்திருக்கலாம். பழைய தண்ணீரைத் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"நான் விழுந்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்," என்றாள் மரேவா. குத்தலாகச் சொல்லவில்லை. "கேப்டனிடம் நான் சொல்லவா, நீ சொல்கிறாயா?"

"நானே சொல்றேன்."

"இப்போதே."

"இப்பவே."

*

அவள் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள்.

அதற்குக் காரணம் தேடினால் கிடைக்கும். பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள் அவள். ஆறு வருடம் சென்னையில் ஒரு கணினிக் கிடங்கில் ராத்திரி வேலை. எச்சரிக்கை மணி அடித்தால் என்னவென்று பார்த்து எழுத வேண்டும். ஒருநாள் பார்க்காமலே 'சரி' என்று அழுத்தினாள், வேலை போனது. பட்டம் இல்லாத ஒருத்திக்குக் கப்பலில் ஆய்வகம் கொடுத்தவர் டாக்டர் உமையாள். இன்று காலை முழுக் கப்பலுக்கும் முன்னால் அவள் 'இல்ல சார்' என்று சொல்லியிருக்கிறாள். மறுபடியும் பார்க்காமல் அழுத்திய 'சரி' அது.

இவையெல்லாம் காரணங்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அவள்தான்.

எதிரே போசன் வந்து உட்கார்ந்தார். அவளுக்கும் அவருக்கும் ஒரே ஊர். அவள் அப்பாவை அவருக்குத் தெரியும்.

"ஏட்டி, அந்தப் பய தீவுலதான் இருக்கானா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"உன் மெசினு சொல்லிச்சுல்லா?"

"கடல்ல இல்லன்னுதான் சொல்லிச்சு."

"அதான் கேக்கேன். கடல்ல இல்லன்னா தீவுல. தீவுல இருந்தாம்னா நல்லாருக்கட்டும், சவத்த. வாலிபால் ஆடட்டும்." மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "வின்ச்சுல அவன் துண்டு தொங்குது. கடல்ல குதிச்சுப் போறவன் துண்ட விட்டுட்டா போவான்? நீயே சொல்லு."

அவள் சோற்றைப் பிசைந்தாள். ஒருவேளை உண்மையிலேயே தீவில் இருக்கலாம். இருந்தால் தேவையில்லாமல் வாயைத் திறந்து தன் முட்டாள்தனத்தைத் தானே தம்பட்டம் அடித்ததாக முடியும். தபுவேரா போலீஸ் நிலையத்திலிருந்து ஒரு தகவல் வரட்டும். ஐந்து நிமிடம் பார்க்கலாம். பிறகு இன்னொரு ஐந்து நிமிடம். மோர் விட்டுச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். அதுவரை யாரும் தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் உமையாளின் கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டு பத்து.

*

டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஏன் எனக்குத் தோணலை?" என்றார். பிறகு, "எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"இப்பதான் மேடம்."

"சரி. அவன் பேரை எடுத்துட்டுத் தண்ணியைப் பார்க்கணும். ஆனா ஒப்பந்தம் இருக்கே. தனி ஒரு ஆளைத் தேட இந்த எந்திரத்தைப் பயன்படுத்த மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம். இன்னைக்கு இவனைத் தேடுவோம். நாளைக்கு ஏதோ ஒரு அரசாங்கம் வந்து, படகுல தப்பிச்சு வர்றவங்களைத் தேடிக் கொடுன்னு கேக்கும். அதுக்காகத்தான் அந்த விதியையே போட்டேன். அவன் சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது."

"சம்மதம் கேக்கணும்னா அவன் கிடைக்கணும் மேடம்."

டாக்டர் மடிக்கணினியைத் திறந்தார். நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பத்து நிமிடம் எழுதினார், அரைமணி நேரம் பதிலுக்குக் காத்திருந்தார். சென்னையில் அப்போது விடியக்காலை ஐந்து இருபது. குழு தூங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இரண்டு விரல்களும் சேர்ந்து சேதுராசுவின் பெயரை எடுத்தன. ஒரு மணிக்குக் கப்பல் திரும்பியது. அதற்குள் அது இருபத்தேழு மைல் தள்ளி வந்திருந்தது.

ஜெனோவா எஞ்சின் அறைக்குப் பேசிக் கழிவுநீர்க் குழாய்களை அடைக்கச் சொன்னாள். இல்லாவிட்டால் சேதுராசு நேற்றுக் குளித்த தண்ணீரையே துரத்திக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கும். குழாய் அடைபட்டதும் மரேவாவின் வாடையும் நின்றது. பல வாரங்களுக்குப் பிறகு மோப்பன் முதல்முறையாகச் சுழியம் காட்டியது. இரண்டாவது இடத்திலும் சுழியம். மூன்றாவதிலும்.

மூன்று மணிக்கு ஒன்று என்று காட்டியது.

இந்த ஒன்று மரேவா இல்லை.

ஜெனோவா பிரிட்ஜுக்கு ஓடினாள். நீரோட்டம் மேற்கே இழுத்தது. அந்த வாடையின் அடர்த்தி ஏறினால் அதே திசை, குறைந்தால் திரும்பு. கேப்டன் மறுபேச்சில்லாமல் அவள் சொன்ன பக்கமெல்லாம் சக்கரத்தைத் திருப்பச் சொன்னார். நாலு கலாசிகளும் மேலே ஏறி நின்றார்கள். கண்ணுக்கு மறுபடி வேலை வந்தது.

மூன்று நாற்பதுக்குப் போசன்தான் கண்டார்.

மிதவைச் சட்டையின் ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தது. மறுபக்கம் எப்போதோ காற்றுப் போயிருந்தது. தோளில் இருந்த சிறு விளக்கு இன்னும் மினுங்கியது. ஆள் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய பீக்கன் செத்திருந்தது. அதன் பாட்டரியைச் சுவாவில் மாற்றுவதாக இருந்தது. வலையில் வைத்துத் தூக்கினார்கள். வின்ச் ஓட்ட ஆள் இல்லாததால் போசனே ஓட்டினார். கம்பி இரண்டு தடவை இடறியது. "மெதுவா இறக்கத் தெரியாதால உனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். சேதுராசு வழக்கமாக மற்றவர்களைத் திட்டும் வசனம் அது.

உடலைத் தண்ணீர் மாதிரிகள் வைக்கும் குளிர் அறையில் வைத்தார்கள். தளத்தைக் கழுவினார்கள். குழாய்களைத் திறந்துவிட்டார்கள்.

*

ஐந்து மணிக்குப் பிரிட்ஜில் மூன்று பேர்தான்: கேப்டன், டாக்டர், ஜெனோவா. கதவைக் கேப்டனே சாத்தினார்.

"நேத்து நாலு மணிக்கு விழுந்தான். விழுந்ததும் முங்கிப் போயி," என்றார் கேப்டன். "அப்படித்தான் நான் எழுதறேன். யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அவன் வீட்டுக்கும் அதுதான் நல்லது."

"அப்படி நடக்கல சார்," என்றாள் ஜெனோவா.

"அது யாருக்குத் தெரியும்?"

"மோப்பனுக்குத் தெரியும்."

கேப்டன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உயிரோட இருக்கிற உடம்பு உதிர்க்கிறதுல ஒருவகைத் துணுக்கு இருக்கு கேப்டன். அது சீக்கிரம் அழிஞ்சிரும். எவ்வளவு அழிஞ்சிருக்குன்னு பார்த்தா, எப்போ நின்னுச்சுன்னு கணக்குப் போடலாம்."

"எப்போ நின்னது?"

"ஒரு மணி பத்து நிமிஷம். பத்து நிமிஷம் முன்னப்பின்ன."

"நேத்தா?"

"இன்னைக்கு."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை பத்து மணிக்கு அவர் பதிவேட்டில் எழுதியபோது அந்த ஆள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தான். தேடுவிமானம் வேண்டாம் என்று சொன்னபோதும் மிதந்துகொண்டிருந்தான்.

"இருபத்தோரு மணி நேரம் சார்," என்றாள் ஜெனோவா. "கப்பல் தேடிட்டு வந்ததைப் பாத்திருப்பான். திரும்பிப் போனதையும் பாத்திருப்பான்."

பிறகு டாக்டர் மெல்லத் தொடங்கினார். "ஜெனோவா, தேடல் முடிஞ்சிருச்சு. அவன் பேரைத் திரும்பச் சேர்த்திரலாம். ஒப்பந்தப்படி அதுதான் சரி. அவன் நம்ம ஆள்தானே? பட்டியல்ல இருக்கணும்."

பெயர் ஏறினால் பதிவு அழியும். ஒரு மணி பத்து நிமிடம் என்பது எங்கேயும் இருக்காது. நேற்று நாலு மணிக்கு முங்கினான் என்பது மட்டும் இருக்கும். விதிமீறல் எதுவும் இல்லை. இருப்பதிலேயே மிகச் சுத்தமான வழி.

"உனக்கும் நல்லதுதான்," என்றார் டாக்டர். "மரேவா எங்கிட்ட வந்தா. உங்கிட்ட எத்தனை மணிக்குச் சொன்னான்னு சொல்லிட்டா."

அந்தக் கணக்கை ஜெனோவா முன்னமே போட்டிருந்தாள். பதினொன்று இருபதுக்குக் கப்பல் பதினோரு மைலில்தான் இருந்தது. அப்போதே சொல்லி, டாக்டரும் உடனே விரல் வைத்திருந்தால், பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்ப வந்திருக்கலாம். தேடிப் பிடிக்க இருபத்தைந்து நிமிடம் மிச்சம். கிடைத்திருப்பானா என்று சொல்ல முடியாது. கிடைத்திருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு பத்துக்குப் பிறகு யார் என்ன செய்திருந்தாலும் கப்பல் நேரத்துக்கு வந்திருக்காது. டாக்டரின் கடிதம் அவனைக் கொல்லவில்லை. மோர் சோறுதான் கொன்றது.

"விரல வைக்க மாட்டேன் மேடம்."

"யோசிச்சுப் பேசு. அந்தப் பதிவு இருந்தா முதல்ல மாட்டுறது நீ."

"தெரியும்."

"பிறகு எதுக்கு?" என்றார் கேப்டன். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "அவன் காத்திருந்தான் சார். அதக்கூட இல்லன்னு ஆக்க முடியாது. இதுவரைக்கும் ரெண்டு தடவ இல்லன்னு சொல்லியாச்சு நான்."

கேப்டன் எழுந்து சன்னல் பக்கம் போனார். "இந்தப் பெண்ணுக்கு அதிர்ச்சி. ஓய்வு வேணும். சுவா போற வரைக்கும் கேபின்ல இருக்கட்டும். விரல் வைக்க மனசு வந்தா சொல்லட்டும், திறக்கலாம்." போசனைக் கூப்பிட மணியை அழுத்தினார். "சாமான் ஏதாவது எடுக்கணும்னா பத்து நிமிஷம்."

*

அந்தப் பத்து நிமிடத்தில் அவள் சாமான் எதுவும் எடுக்கவில்லை. ஆய்வகத்துக்குப் போய்ப் பட்டியலைத் திறந்து தன் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தாள். அதற்கு வேறு யார் விரலும் வேண்டாம். 'விலகுகிறீர்களா?' என்று கேட்டது. ஆம்.

ஐந்து மணித் தண்ணீர் ஏற்கெனவே மோப்பனுக்குள் இருந்தது. அதை மறுபடி படிக்கச் சொன்னாள். முடிவு அச்சாகி வந்த தாளின் அடியில் வழக்கமான வாசகம் இருந்தது: 'பட்டியலில் இல்லாத மனிதர்கள்: 3.'

கதவோரம் மரேவா நின்றிருந்தாள். கையெழுத்துப் போட வந்திருக்கிறாள். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஒன்று நான். ஒன்று அவன். மூன்றாவது?"

"நான்."

மரேவா பேனாவைத் திறந்தாள். உடனே எழுதவில்லை. "உடனே சொல்வதாகச் சொன்னாய்."

"சொன்னேன்."

"நானே போயிருக்க வேண்டும்," என்றாள். தாளில் கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் எழுதினாள். ஜெனோவாவைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இந்தமுறை அவள் அந்த ஒரே தமிழ் வார்த்தையைக் கேட்கவில்லை.

போசன் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். இரண்டு பேரும் இடைவழியில் நடந்தார்கள். குளிர் அறையைத் தாண்டும்போது அவர் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

கேபின் வாசலில் நின்றார். "கேப்டன் சொல்லுதாரு. நான் என்னத்தச் செய்ய?"

"பூட்டுங்க அண்ணாச்சி."

"சோறு நானே கொண்டாந்து தாரேன்."

"சோறு வேண்டாம்."

அவள் உள்ளே போனாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். இடைவழியில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். அந்த நம்மாளு பட்டியலுல எம்பேரும் கெடக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அத எடுக்கணும்னா டாக்டரம்மாட்ட போணுமா?"

"வேண்டாம். உங்க கட்டவெரல் போதும்."

"லேப்பு தொறந்தா கெடக்கு?"

"தொறந்துதான் இருக்கு."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். வின்ச் கிரீஸ் இன்னும் போகவில்லை. கைலியில் அதை அழுத்தித் துடைத்தார், ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கதவைச் சாத்தி, வெளியிலிருந்து சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.